வாலப்பகடை ஏன் கைகட்டி நிற்க வேண்டும்?

நெல்லைச் சீமையில் கொடை விழா வில்லுப்பாட்டில் முத்துப்பட்டன் கதை கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பிராமணனாகப் பிறந்த பட்டன், அருந்ததியரான வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்கா, திம்மக்காவை விரும்புகிறான். பெண் கேட்டு வந்தவனிடம் பகடை நிபந்தனை போடுகிறார்: பூணூலையும் குடுமியையும் விட வேண்டும், செருப்புத் தைத்துக் கொண்டுவர வேண்டும். அவனும் செய்கிறான். மாடு திருட வந்தவர்களோடு சண்டையிட்டுச் சாகிறான். இன்றும் காரையாறு சொரிமுத்து ஐயனார் கோயிலில் பட்டவராயனுக்குச் செருப்புதான் காணிக்கை.

சென்ற விடுமுறையில் எங்கள் தெரு மாலை வகுப்பில் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லவும் நடிக்கவும் பழக்கினோம். வாலப்பகடையாக வந்த ஒன்பதாம் வகுப்பு மாணவன், பட்டன் எதிரே வந்ததும் கைகட்டிக் குனிந்து நின்றான். அப்படி நிற்கச் சொல்லி யாரும் சொல்லித் தரவில்லை. "பெண் கேட்டு வந்தவன் அவன். நீ பெண்ணைப் பெற்றவன், உட்கார்ந்து பேசு" என்றோம். நான்காவது முறைதான் அவன் குரல் நிமிர்ந்தது. நடிப்புப் பயிற்சி நம் பிள்ளைகளுக்கு ஏன் தேவை என்பது அன்று எல்லோருக்கும் புரிந்தது.

கதை சொல்லப் பழகுகிறவர்கள் கேள்வி கேட்கவும் பழக வேண்டும். அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணக் குழந்தைகள், பகடை எடுத்து வளர்த்தார் என்று பாடுவோரும் உண்டு. அது பிற்காலத்து ஒட்டு என்று எடுத்துக்காட்டினார் ஆய்வாளர் நா. வானமாமலை. மதுரை வீரனையும் இப்படித்தான் காசி ராஜா பிள்ளையாக்கினார்கள். 1956இல் வந்த திரைப்படமும் அதையே சொன்னது. வீரமும் காதலும் நம் வீட்டில் பிறக்காது என்று சொல்லத்தானே இந்த ஒட்டு?

நம் பக்கத்துக் குறையையும் மறைக்க வேண்டாம். திம்மக்காவாக நடித்த மாணவி, "புருசன் செத்தா நாங்க ஏன் தீயில விழணும்?" என்று கேட்டாள். அவள் கேள்வியோடுதான் அன்று நாடகத்தை முடித்தோம்.

இதற்குப் பெரிய செலவு இல்லை. கதை தெரிந்த ஒரு பாட்டியோ தாத்தாவோ போதும். முதல் நாள் காது கொடுத்துக் கேட்கட்டும். மறுநாள் தாளைப் பார்க்காமல் சொந்தப் பேச்சில் திருப்பிச் சொல்லட்டும். அடுத்து, வேடத்தை மாற்றி மாற்றி நடிக்கட்டும். பகடையாக நின்றவன் பட்டனாகட்டும், பட்டனாக நின்றவன் பொம்மக்காவாகட்டும். கடைசியில் வட்டமாக உட்கார்ந்து, "இந்தக் கதையை யார் மாற்றினார்கள், எதற்காக?" என்று பேசட்டும்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பள்ளிக் கலைத் திருவிழாவில் நம் பிள்ளைகளுக்குப் பறையை மட்டும் கொடுத்து ஓரத்தில் நிறுத்தாதீர்கள். பறை நமக்குப் பெருமைதான். ஆனால் கதையின் நடுவில் நின்று பேசவும் அவர்களுக்கு வாய் உண்டு.

கதை தெரிந்த பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். மாணவர்களே, அடுத்த விடுமுறைக்குக் காத்திருக்க வேண்டாம். இன்று இரவே உங்கள் பாட்டியிடம் ஒரு கதை கேளுங்கள்.