பிரித்த நூல் வீணாவதில்லை



ஐப்பசி கழிந்து கார்த்திகை பிறந்துவிட்டால், தில்லியில் வாழும் நம்மவர் இல்லங்களில் டிரங்குப் பெட்டிகள் திறக்கப்படுகின்றன. அந்துருண்டை மணக்கும் ஸ்வெட்டர்களும் ரஜாய்களும் மொட்டை மாடி வெயிலுக்குப் போகின்றன. அவற்றின் அடியில், பழைய துணிப்பை ஒன்றில், ஊசியோடு சுற்றிவைத்த அரைகுறைப் பின்னல் ஒன்று அநேக வீடுகளில் கிடக்கும். அதை மட்டும் நாம் வெயிலில் போடுவதில்லை. யார் கண்ணிலும் படாமல் மறுபடியும் பெட்டிக்குள் தள்ளிவிடுகிறோம். அந்தப் பையைப் பற்றியே இம்மாதம் பேச விரும்புகிறோம்.

லூதியானாவிலிருந்து வரும் ஆயத்தக் கம்பளி உடைகள் தெருவுக்குத் தெரு விற்கும்போது, கையால் பின்னி அவதிப்படுவானேன் என்று கேட்பார் உண்டு. நியாயமான கேள்விதான். சிக்கனத்தை மட்டும் கருதினால் அதற்குத் தக்க பதில் சொல்வது கடினம். ஆனால், ஊரில் கம்பளியின் தேவையே அறியாமல் வளர்ந்த நம்மில் பலருக்கு இவ்வேலை, வந்த இடத்தில் கிடைத்த முதல் சிநேகம். இந்தி பேசத் தெரியாத புதிதில், அடுத்த வீட்டுப் பஞ்சாபி அம்மையாரின் அருகே வெயிலில் அமர்ந்து, 'சீதா' என்றால் நேர்ப் பின்னல், 'உல்டா' என்றால் புறப் பின்னல், 'ஃபந்தா' என்றால் கண்ணி என்று கற்றுக்கொண்டவர்கள் நாம். ஆகவே, ஒரு சகோதரி பின்னலை மூட்டை கட்டி வைத்துவிட்டார் என்றால், அவர் வெயிலில் வந்து உட்காருவதையும் நிறுத்திவிட்டார் என்று பொருள்படலாம். இதை நாம் உணர்ந்தது, நாமே செய்த ஒரு பிழையினால்.

இரண்டு குளிர்காலங்களுக்கு முன் நடந்தது இது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து புதிதாகத் தில்லிக்கு வந்த சகோதரி ஒருவர் நம் சனிக்கிழமைக் கூட்டத்திற்கு வரத் தொடங்கினார். அதிகம் பேசமாட்டார். தம் ஆறு வயது மகனுக்கு நீல நிறத்தில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார். மூன்று மாதப் பிரயாசைக்குப் பின், ஒரு சனிக்கிழமை அதை முடித்துக் கொண்டுவந்து நடுவில் விரித்துவைத்தார். நாம் அதைக் கையில் எடுத்தோம். கழுத்தை இழுத்துப் பார்த்தோம். "இதில் குழந்தையின் தலை நுழையாதே! கண்ணியை எண்ணாமல் போட்டுவிட்டீர்களா?" என்று பத்துப் பேர் முன்னிலையில் கேட்டுவிட்டோம். இரண்டொருவர் சிரித்தனர். அவரும் சிரித்தார், ஸ்வெட்டரை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அடுத்த வாரம் அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

தை மாதக் கடைசியில் அவரைக் காய்கறிக் கடையில் கண்டோம். பையன் கடையில் வாங்கிய சிவப்பு ஸ்வெட்டர் அணிந்திருந்தான். நம்மைக் கண்டதும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பொறுக்கிய கத்தரிக்காயை எடை போடாமலே நகர்ந்துவிட்டார். அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாள் பிற்பகல் அவர் வீட்டுக் கதவைத் தட்டினோம். மன்னிப்புக் கேட்பதற்கு எளிதில் வார்த்தை வரவில்லை. ஆகையால், நாம் முதன்முதலில் பின்னிய ஸ்வெட்டரைக் கையோடு கொண்டுபோயிருந்தோம். அதன் ஒரு கை மற்றொன்றைவிட நான்கு விரற்கடை நீளம். வீட்டில் உள்ளவர் அதை மடித்து விட்டுக்கொண்டே மூன்று குளிர்காலம் அணிந்தார். அதை விரித்துக் காட்டியதும் அச்சகோதரி வாய்விட்டுச் சிரித்தார். காபி வந்தது. பிறகு கட்டிலின் அடியிலிருந்து நீல ஸ்வெட்டரும் வந்தது.

"அக்கா, புத்தகத்தில் போட்டிருந்தபடி எண்ணித்தான் போட்டேன். முன்னுக்கு 75, பின்னுக்கு 75. இரண்டு தடவை எண்ணினேன். எங்கே தப்பு என்றுதான் தெரியவில்லை" என்றார்.

எண்ணிப் பார்த்தோம். ஒரு கண்ணிகூடக் குறையவில்லை. நமக்கு முகம் வெளுத்துவிட்டது. நாம் அன்று சொன்ன சொல் கடுமையானது என்று மட்டுமே எண்ணியிருந்தோம். அது உண்மையும் அன்று என்பது அப்போதுதான் விளங்கிற்று.

பிழை இருந்த இடம் வேறு. 10 சென்டிமீட்டர் அகலத்திற்கு 22 கண்ணிகள் வரும் என்று கொண்டு புத்தகம் கணக்குச் சொல்லியிருந்தது. அக்கணக்கில் 150 கண்ணிகளுக்கு 68 சென்டிமீட்டர் சுற்றளவு கிடைக்கும். 60 சென்டிமீட்டர் மார்புள்ள பையனுக்குத் தாராளமாக இருக்கும். இச்சகோதரியின் கையோ இறுக்கமான கை. அவருக்கு அதே 10 சென்டிமீட்டரில் 25 கண்ணிகள் வந்திருந்தன. ஆகவே, 150 கண்ணிகளுக்குக் கிடைத்தது 60 சென்டிமீட்டர்தான். உடம்போடு ஒட்டிப் பிடிக்கும். அதே இறுக்கத்தில் கழுத்தையும் முடித்திருந்தபடியால் தலை நுழையவில்லை. எண்ணிக்கையும் சரி, உழைப்பும் சரி; முதலில் ஒரு சிறு சோதனைத் துண்டு பின்னி அளந்து பார்க்க வேண்டும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவர்கள் நாம்.

"பிரித்துவிடலாமா?" என்று கேட்டோம். சற்று நேரம் அந்த ஸ்வெட்டரைத் தடவிக்கொண்டிருந்தவர், தாமே கத்தரிக்கோலை எடுத்துவந்தார்.

பிரிப்பதற்கும் ஒரு முறை உண்டு. அன்று செய்ததையே சொல்லுகிறோம். முதலில் துண்டுகளை இணைத்த தையலை மட்டும் நிதானமாக வெட்டிப் பிரிக்க வேண்டும். பிறகு, முடித்த முனையிலிருந்து நூலை இழுத்து, நாற்காலியின் முதுகில் சிட்டமாகச் சுற்றி, நான்கு இடங்களில் தளர்வாகக் கட்ட வேண்டும். வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, முறுக்காமல் நீரை ஒற்றியெடுத்து, நிழலில் தொங்கவிட்டு, அடியில் ஓர் இலேசான பாரம் கட்டினால் நூலின் நெளிவு நீங்கிவிடும். கொதிநீரும் கசக்குதலும் கூடா. கம்பளி இழையின் செதிள்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு நூல் கெட்டித்துவிடும்.

ஊசியையும் மாற்றினோம். அவர் பின்னியது 8ஆம் எண், அதாவது 4 மில்லிமீட்டர் ஊசியில். புதிய சோதனைத் துண்டுக்கு 7ஆம் எண், அதாவது 4.5 மில்லிமீட்டர். பழைய எண் முறையில் எண் குறையக் குறைய ஊசி பருமனாகும் என்பதைப் புதியவர்கள் நினைவில் வைக்கவும். இம்முறை 10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணிகள் சரியாக வந்தன. கழுத்தை முடிக்க இன்னும் பருமனான ஊசியைக் கொண்டால் விளிம்பு தளர்ந்து கொடுக்கும். அன்றியும், சரியாக வந்த வரிசை ஒன்றின் கண்ணிகளினூடே வேறு நிற மெல்லிய நூலைக் கோத்து வைத்தால், பின்னால் தவறு நேர்ந்தாலும் அவ்வரிசைக்குக் கீழே பிரியாது.

இந்நிலையில், கல்கத்தாவிலிருந்து ஒரு சகோதரி எழுதிக் கேட்டிருப்பதற்கும் பதில் கூற வேண்டும். மாமியாரின் பழைய நூற்புடவைகளை அடுக்கி, வங்காளப் பெண்கள் தைக்கும் காந்தா முறையில் போர்வை தைக்கிறாராம். ஓட்டுத் தையல் ஒரே அளவாக வரவில்லை, பிரிக்கலாமா என்கிறார். வேண்டா, சகோதரி. காந்தாவில் தையலின் முதல் வேலை, அடுக்குகளை ஒன்றாகப் பிடித்துவைப்பது. அது நிறைவேறிவிட்டால், சற்றுக் குட்டையும் நெட்டையுமான தையல்கள் போர்வைக்குக் குறையாகா. பஞ்சாபின் புல்காரியிலும், 2013இல் புவிசார் குறியீடு பெற்ற நம் நீலகிரித் தோடர் பூவேலையிலும் நிலைமை வேறு. அவை துணியின் இழைகளை எண்ணித் தைப்பவை. ஓர் இழை தவறினால் கோலமே நகர்ந்துவிடும். அங்கே உடனே பிரிப்பதுதான் இலாபம். சுருங்கச் சொன்னால், அணிவதற்கோ உறுதிக்கோ கோலத்திற்கோ கேடு செய்யும் பிழையைப் பிரியுங்கள். தைத்தவர் கண்ணுக்கு மட்டும் தெரியும் பிழையை விட்டுவிடுங்கள்.

பிறருக்கு யோசனை சொல்லும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. முதலில், அவர் பின்னுவதைச் சற்று நேரம் பார்த்திருங்கள். கைப்பேசித் திரையில் இன்று எத்தனையோ பாடங்கள் கிடைக்கின்றன. அத்திரை தன் கையைக் காட்டுமேயன்றி நம் கையைப் பார்ப்பதில்லை. அதைப் பார்க்கவே பக்கத்தில் ஒரு மனுஷி வேண்டியிருக்கிறது. குறையைப் பலர் முன் சொல்லாதீர்கள். சொன்னபின் எழுந்துபோகாமல், அது நீங்கும்வரை கூட உட்காருங்கள். 'நன்றாயிருக்கிறது' என்று பொதுவாகப் புகழ்வதைவிட, 'இந்தத் தோள் இணைப்பு ஒழுங்காக வந்திருக்கிறது' என்று இடத்தைச் சுட்டிச் சொல்லுங்கள். நாம் அன்று அந்த நீல ஸ்வெட்டரின் தோளைக் கவனிக்கவே இல்லை. அது வெகு நேர்த்தியாக இருந்தது, பிரிக்கும்போதுதான் கண்டோம்.

அந்த ஸ்வெட்டர் மறுபடி முடிந்தபோது பங்குனி வெயில் ஏறிவிட்டது. நீளத்தைச் சற்றுக் கூட்டியே பின்னியிருந்தபடியால், சென்ற குளிர்காலத்தில் பையனுக்கு அளவாக இருந்தது. அச்சகோதரி இப்போது சனிக்கிழமை தவறுவதில்லை. புதிதாக யாரேனும் வந்தால் அவர்தான் பக்கத்தில் போய் உட்காருகிறார். முதலில் ஒரு சோதனைத் துண்டு பின்னச் சொல்லிவிட்டுப் பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஆகவே, பெட்டிக்கடியில் கிடக்கும் பையை இவ்வாரம் வெளியே எடுங்கள். வெயிலில் சற்று உலர்த்துங்கள். பிறகு, இருக்கிறபடியே கூட்டத்திற்குக் கொண்டுவாருங்கள். நாம் கண்ணிகளை எண்ணிப் பார்த்த பிறகே வாய் திறப்போம்.