அம்மாளுவின் கூலி எங்கே?



புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்' தமிழின் தலைசிறந்த சிறுகதைகளில் ஒன்று என்கிறார்கள். 1934-ல் 'மணிக்கொடி'யில் வந்த கதை. நாயகி அம்மாளு ஒரு மில் கூலி. நம் வர்க்கத்துப் பெண். ஆசையோடு படித்தோம், ஏமாந்தோம்!

கதை இதுதான். புருஷன் முருகேசன் ஜட்கா ஓட்டுகிறவன். குடித்துவிட்டு ஓட்டி, வண்டி குடைசாய்ந்து, அடிபட்டுக் கிடக்கிறான். பால்கஞ்சி கேட்கிறான். அம்மாளுவுக்குக் கூலி போட இன்னும் நாள் இருக்கிறது. இருட்டுச் சந்தில் ஒருவனோடு ஒதுங்கி முக்கால் ரூபாய் கொண்டு வருகிறாள். கற்பு, கற்பு என்று வாய் கிழியப் பேசும் கனவான்களுக்கு ஒரு சவுக்கடி கொடுத்துக் கதையை முடிக்கிறார் ஆசிரியர்.

சவுக்கடி சரிதான். விழுந்தது யார் முதுகில்? படித்த கனவான் முதுகில். மில் முதலாளியின் சட்டையில் தூசிகூடப் படவில்லையே!

குரங்கணியில் ஏலக்காட்டு வேலைக்குப் போகும் பெண்களிடம் இந்தக் கதையைச் சொன்னால் கற்பைப் பற்றியா பேசுவார்கள்? "அவள் பாடுபட்ட கூலி என்னாச்சு?" என்றுதான் கேட்பார்கள். கேள்வி அதுதான்! வேலை முடிந்துவிட்டது. கூலி அவளுடையது. அது முதலாளியின் பெட்டியில் தூங்குகிறது. வட்டியில்லாமல் தொழிலாளி முதலாளிக்குக் கொடுத்த கடன் அது. அந்தக் கடன் திரும்பாததால்தான் அவள் சந்துக்குப் போனாள். ஆசிரியர் அதை ஒரு வரியில் சொல்லித் தாண்டிவிட்டார்.

"கண்டதை எழுதினார், சங்கம் வைப்பது கதைக்காரன் வேலையா?" என்று சில பண்டிதர்கள் சீறுவார்கள். கோஷம் போடச் சொல்லவில்லை ஐயா! கண்ணெதிரே இருந்ததைப் பார்த்திருக்கலாமே என்கிறோம். 1918-லேயே சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்துவிட்டது. 1921-ல் பின்னி கம்பெனியின் பக்கிங்ஹாம், கர்நாடிக் மில் தொழிலாளர்கள் மாதக்கணக்கில் போராடினார்கள். போலீஸ் குண்டுக்கு உயிரும் கொடுத்தார்கள். 1923-ல் சிங்காரவேலர் சென்னையில் மே தினம் கொண்டாடினார். கதையிலோ மில் கூலி தன்னந்தனியாக நிற்கிறாள். பக்கத்துத் தறிக்காரி இல்லை, சங்கம் இல்லை, கேள்வி இல்லை. 1936-ல் கூலியை இத்தனை நாளுக்குள் கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் வந்தது. கனவான்கள் வெட்கப்பட்டா வந்தது? தொழிலாளர்களின் கொந்தளிப்பு ஆட்சியாளர்களின் காதில் விழுந்த பிறகே வந்தது.

குரங்கணிக்கு மேலே டாப் ஸ்டேஷன். அதற்கு அப்பால் மூணாறு. 2015 செப்டம்பரில் அங்கே போனஸை 10 சதவீதமாகக் குறைத்தார்கள். கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சாலையில் உட்கார்ந்தார்கள். சங்கத் தலைவர்களையும் நம்ப மறுத்தார்கள். அது சங்கங்கள் எல்லாம் உறைக்க வாங்கிக்கொள்ள வேண்டிய அடி. கேட்ட 20 சதவீதத்தைக் கருணைத் தொகையும் சேர்த்து வாங்கியே எழுந்தார்கள். அவர்களும் அம்மாளுக்கள்தான். ஆனால் இருட்டுச் சந்துக்குப் போகவில்லை, நடுச்சாலைக்கு வந்தார்கள்!

'பொன்னகரம்' படியுங்கள். வறுமையை மூடி மறைக்காத பேனா அது, மதிப்போம். ஆனால் அம்மாளுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டுப் புத்தகத்தை மூடிவிடாதீர்கள். அவளுக்கு வேண்டியது இரக்கம் அல்ல, கூலி! அதை எண்ணி வாங்க ஒரு சங்கம்!