கடன் வாங்கிய ஆங்கிலம்

பத்தாண்டுகள் ஆங்கிலம் பயின்ற பிள்ளை, தன் ஊரைப் பற்றி ஐந்து வாக்கியங்கள் சொந்தமாக எழுத இயலாமல் பேனாவைக் கடித்துக்கொண்டு அமர்ந்திருக்கிறது. அதே பிள்ளை பொதுத்தேர்வில் ஆங்கிலத்தில் எண்பது மதிப்பெண் பெறுகிறது. இவ்விரண்டும் ஒரே பிள்ளையிடம் எவ்வாறு ஒன்று சேர்ந்தன? மதிப்பெண்ணைக் கண்டு மகிழும் பெற்றோர் இதைக் கேட்பதில்லை. அம்மதிப்பெண்ணை விளம்பரம் செய்யும் பள்ளிகளும் கேட்பதில்லை. ஆகவே நாம் கேட்கிறோம்.

ஆங்கிலம் கற்கலாமா கூடாதா என்று நம் முன்னோர் வாதிட்ட காலம் ஒன்று இருந்தது. 1919இல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரியும், 1951இல் திருச்சியில் ஜமால் முகமது கல்லூரியும், அதே ஆண்டில் சென்னையில் புதுக் கல்லூரியும் எழுந்தபோதே அவ்வழக்கில் தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. இன்று ஆங்கிலம் வேண்டாம் என்று சொல்லும் குடும்பத்தைத் தேடினாலும் காண்பதரிது. அன்றாடம் உழைத்து உண்ணும் குடும்பங்கூட நகையை அடகு வைத்தேனும் பிள்ளையை ஆங்கில வழிப் பள்ளியில் சேர்த்துவிடுகிறது. எனவே இன்றைய வழக்கு வேறு. அத்தனை செலவில் கற்பிக்கப்படுவது ஆங்கிலந்தானா என்பதே அது.

ஒன்பதாம், பத்தாம் வகுப்பு மாணவரின் புத்தகப் பையைத் திறந்து பாருங்கள். பாடநூல் மடிப்புக் கலையாமல் இருக்கும். விடைக் கையேடோ அட்டை கிழிந்து தேய்ந்திருக்கும். பாடத்தை வாசிக்குமுன்பே அதன் சுருக்கம் மனனம் செய்யப்படுகிறது. கதையில் வருபவர் யார், அவர் என்ன செய்தார், ஏன் செய்தார் என்று கேட்டால் விழிக்கிறார்கள்; அக்கதையைப் பற்றிய பத்தியோ முற்றுப்புள்ளி பிறழாமல் வந்து விழுகிறது. தமிழகப் பத்தாம் வகுப்பு வினாத்தாளில், ஒரு படத்தைக் கொடுத்து அதைக் கண்டு மனத்தில் தோன்றுவதை எழுதுக என்றொரு வினா உண்டு. மாணவரின் சொந்த எழுத்துக்கு இடமளிக்கும் நல்ல வினா அது. அதற்கும் விடை விற்கிறார்கள்! படத்தில் வெள்ளம் இருந்தாலும் விளையாட்டு இருந்தாலும் பொருந்தும்படி ஐந்து வாக்கியங்களை முன்னரே செய்துவைத்து உருப்போடச் செய்கிறார்கள். படத்தைப் பாராமலே படத்தைப் பற்றி எழுதும் இவ்வித்தையைக் கல்வி என்று அழைக்க நமக்கு மனம் வரவில்லை.

மனனத்தை நாம் இழித்துரைக்கவில்லை. குர்ஆன் ஓதி வளரும் பிள்ளைகள் நம் பிள்ளைகள். இறைவேதத்தில் ஓர் எழுத்தும் மாறலாகாது. மாறாமற் காப்பதே ஓதுவோரின் கடமை. ஆங்கிலக் கட்டுரையின் இயல்பு இதற்கு நேர்மாறானது. நாற்பது பிள்ளைகள் எழுதினால் நாற்பது விதமாக இருந்தால்தான் அது கட்டுரை. தனக்குத் தோன்றியதற்குத் தானே சொல் தேடிச் சேர்ப்பது எழுத்து. வேதத்துக்கு மட்டுமே உரிய மரியாதையைக் கடையில் விற்கும் விடைக் கையேட்டுக்கு வழங்குவது பேதைமையன்றி வேறென்ன?

இந்நோய் நேற்று வந்ததன்று. இன்று வங்காள தேசத்தின் தலைநகராக விளங்கும் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை நடத்திய மைக்கேல் வெஸ்ட் என்னும் ஆங்கிலேயர் இதை ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்பே கண்டார். வங்கப் பிள்ளைகளிற் பலர் படிப்பைப் பாதியில் நிறுத்தினார்கள். அவ்வாறு நின்ற பிள்ளையின் கையில் மிஞ்சுவது என்ன என்பது அவர் கேள்வி. பாதியில் கைவிட்ட காப்பீட்டுப் பத்திரத்துக்கும் ஏதோ ஒரு தொகை திரும்பக் கிடைக்கிறது. பாதியில் நின்ற ஆங்கிலப் படிப்புக்கோ ஒன்றும் கிடைப்பதில்லை. 1926இல் வெளியான தம் நூலில் இதை ஆராய்ந்த அவர், கண்ட மருந்து வாசிப்பு. பாடநூல்களில் புதுச் சொற்கள் நெருக்கமாகத் திணிக்கப்பட்டிருப்பதே பிள்ளைகளின் தடை என்றறிந்து, அவற்றைக் குறைத்து, வந்த சொல்லே மீண்டும் மீண்டும் வரும்படி எளிய வாசக நூல்களை உருவாக்கினார். தானே ஒரு பக்கத்தை வாசித்தறியும் ஆற்றல் வந்துவிட்டால், படிப்பு எந்த வகுப்பில் நின்றாலும் அவ்வாற்றல் உடன் வரும்.

இது வெறும் கருத்தன்று. சோதித்துப் பார்த்த உண்மை. பிஜித் தீவின் நாட்டுப்புறப் பள்ளிகளில் எல்லி, மங்குபாய் என்னும் இரு ஆய்வாளர்கள் செய்த சோதனையின் முடிவு 1983இல் வெளிவந்தது. நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய 250 கதைப் புத்தகங்களைக் கொடுத்து நாள்தோறும் வாசிக்கச் செய்தார்கள். வழக்கமான பயிற்சி பெற்றவர்களை இப்பிள்ளைகள் முதலில் வாசிப்பில் முந்தினார்கள். அடுத்த ஆண்டில் எழுத்திலும் முந்தினார்கள். நம் நாட்டிலேயே, 1979 முதல் 1984 வரை, என்.எஸ். பிரபு என்னும் கல்வியாளர் பெங்களூரிலும் சென்னையிலும் சில பள்ளிகளில் வேறொரு வழியைக் கையாண்டார். ரயில் கால அட்டவணையையும் ஊர் வரைபடத்தையும் கொடுத்து, எந்த வண்டியில் ஏறினால் எப்போது சேரலாம், எந்தத் தெரு வழியே போகலாம் என்று சிந்திக்கச் செய்தார். பிள்ளைகள் கணக்கைத் தீர்க்க முயன்றார்கள். முயல்கையில் ஆங்கிலம் பழகிற்று. அவ்வகுப்புகளில் உருப்போட ஒன்றும் இல்லை.

தேர்வு முறை அப்படியிருக்க நாங்கள் என்ன செய்வது என்று ஆசிரியர்கள் கேட்கலாம். மனப்பாடச் செய்யுள் ஒன்றை விட்டுவிட்டால், அவ்வினாத்தாளில் கடிதமும் அறிவிப்பும் படமும் பத்தியும் எழுதத் தெரிந்த பிள்ளை எழுதக்கூடியவையே. எழுதத் தெரிந்தவனுக்குத் தேர்வு எளிது. தேர்வுக்கு மட்டும் உருப்போட்டவனுக்கு மறுநாளே எல்லாம் மறதி.

எங்களுக்கே ஆங்கிலம் தெரியாதே என்று தாய்மார்கள் வருந்துவதும் உண்டு. அவர்களுக்கு நாம் சொல்வது: உங்களிடம் தமிழ் இருக்கிறது, அது போதும். பிள்ளையின் கையில் ஓர் எளிய ஆங்கிலக் கதைநூலைக் கொடுங்கள். ஒரு பக்கத்தில் தெரியாத சொல் ஐந்துக்கு மேல் வந்தால் அதைவிட எளிய நூலை எடுக்கச் சொல்லுங்கள். இருபது நிமிடம் ஓசையின்றி வாசிக்கட்டும். பிறகு அக்கதையைத் தமிழில் உங்களுக்குச் சொல்லட்டும். சொல்ல முடிந்தால் வாசிப்பு நடந்தது. முடியாவிட்டால் கண்கள் மட்டுமே நடந்தன. இந்தச் சோதனைக்கு டியூஷன் ஆசிரியர் தேவையில்லை, தாயே போதும்.

எழுத்துக்கும் அதுவே வழி. நாளுக்கு மூன்று வாக்கியம், தன் வாழ்விலிருந்து எழுதட்டும். பிழைகள் வரும். தமிழில் வினைச்சொல் வாக்கியத்தின் ஈற்றில் நிற்கும்; ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்து நிற்கும். ‘வீட்டில்’ என்று நாம் உருபைப் பெயரின் பின்னே சேர்க்கிறோம். அவர்கள் ‘இன்’ என்னும் சொல்லைப் பெயரின் முன்னே வைக்கிறார்கள். பெயருக்கு முன் ‘ஏ’, ‘தி’ என்று சிறு சொல் வைக்கும் வழக்கு நம் மொழியில் இல்லை. எனவே நம் பிள்ளைகள் அதை விட்டுவிடுகிறார்கள். தாய்மொழியின் தடத்திலேயே கால் செல்வதால் வரும் பிழைகள் இவை, மூடத்தனத்தால் வருபவையல்ல. இதையறியாமல் நோட்டுப் புத்தகம் முழுவதையும் சிவப்பு மையால் நிரப்பும் ஆசிரியர், இனிமேல் சொந்தமாக எழுதாதே என்றே பிள்ளைக்குக் கற்பிக்கிறார். ஒரு வாரத்துக்கு ஒரு வகைப் பிழையைத் திருத்தினால் போதும். எழுதும் துணிவு அழியாதிருப்பதே முக்கியம்.

எழுத்து நம் குடும்பங்களுக்கு அந்நியமானதன்று. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் பொருள் தேடிச் சென்ற ஆண்மக்களுக்கு, பள்ளிக்கூட வாசலை மிதித்தறியாத பெண்மக்கள் அரபுத்தமிழில் கடிதம் வரைந்த சமுதாயம் இது. அவர்களுக்குக் கையேடு இல்லை. சொல்ல வேண்டிய செய்தி இருந்தது, அதைப் பெற்றுக்கொள்ள ஒருவர் இருந்தார், அவ்வளவுதான். இன்று வளைகுடாவில் இருக்கும் தந்தைக்கு வாரம் ஒரு சிறு ஆங்கிலக் கடிதம் எழுதும் பிள்ளை, நூறு மாதிரிக் கடிதங்களை உருப்போட்ட பிள்ளையைவிட மேலாகக் கற்கும்.

கேட்டவுடன் கட்டுரை எழுதித் தரும் இயந்திரம் கைபேசியிலேயே வந்துவிட்டதே, இனி எழுதப் பழகுவானேன் என்போரும் உளர். கையேட்டை நம்பிய கைக்கு அது மற்றொரு கையேடு. அது எழுதித் தந்தது சரியா தவறா என்று அறியவும் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டுமே!

வேலை ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்றறியாமல் முகவர் காட்டிய இடத்தில் கையெழுத்திட்டுக் கடல் கடந்து, அங்கே சொன்ன ஊதியமும் இன்றிச் சொன்ன வேலையும் இன்றித் தவித்தவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களிற் பலர் ஆங்கிலத்தில் தேர்ச்சி பெற்றவர்கள்! முப்பத்தைந்து மதிப்பெண் அவர்களைத் தேர்வில் கரையேற்றியது. அந்த ஒரு தாளை வாசிக்க அது உதவவில்லை.

ஆண்டுதோறும் ஜமாஅத்துகளும் சங்கங்களும் முதல் மதிப்பெண் பெற்றோருக்கு மேடையமைத்துப் பரிசளிக்கின்றன. அப்பணத்தில் பாதியை எடுத்து, ஊருக்கு நூறு எளிய ஆங்கிலக் கதைநூல்கள் வாங்கி, பிள்ளைகளின் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். பள்ளி நிர்வாகிகளே, வாரத்தில் ஒரு பாடவேளையை வாசிப்புக்கென்றே ஒதுக்குங்கள். பெற்றோர்களே, அடுத்த முறை பிள்ளையிடம் எத்தனை மதிப்பெண் என்று கேட்குமுன், இந்த வாரம் என்ன வாசித்தாய், என்ன எழுதினாய் என்று கேளுங்கள். அக்கேள்விக்கு எந்தக் கையேட்டிலும் விடை இல்லை.