நூறு கோழிக்கு ஒரு பாட்டில்

எங்கள் அப்பத்தாவுக்கு மொத்தம் பதினோரு கோழி. இந்த எண்ணிக்கையை நான் பத்திரிகையில் எழுதிவிட்டது தெரிந்தால் என்னோடு பேச்சுவார்த்தை கட். கோழியையும் பிள்ளையையும் எண்ணிச் சொல்லக்கூடாது என்பது அவள் கட்சி.

அவள் இருப்பது அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற பக்கம், பஸ் நின்றாலும் நிற்கும், நிற்காமலும் போகும் ஓர் ஊரில். சுற்றிலும் கரிசல். கண்மாய் உண்டு, கண்மாய்க்குள் தண்ணீருக்குப் பதில் சீமைக்கருவேலம். மானாவாரிப் பூமி. பருத்தியோ சோளமோ குதிரைவாலியோ, ஐப்பசி கார்த்திகை மழையை நம்பித்தான். வருடத்து மழையில் பாதி அப்போது கொட்டினால்தான் உண்டு. ஊரே வானத்தைப் பார்த்து 'வா, வா' என்று கூப்பிடுகிற நேரத்தில், 'மெதுவா வாய்யா' என்று சொல்கிற ஒரே ஆள் அப்பத்தா. கோழிதான் காரணம்.

கோழிக்கும் குளிர்காலத்துக்கும் என்ன பகை என்று படித்துப் பார்த்தேன். படித்ததெல்லாம் வெள்ளைக்காரன் ஊர்க் கதை. லண்டனில் டிசம்பரில் பகல் என்பது எட்டு மணி நேரம்கூட இல்லை. வெளிச்சம் குறைந்தால் கோழி முட்டையை நிறுத்திவிடும். (இதற்காகத்தான் பெரிய முட்டைப் பண்ணைகளில் லைட் போட்டு, ஒரு நாளைக்கு 16 மணி நேரம் பகல் என்று கோழியை நம்ப வைக்கிறார்கள். ஓவர்டைம் பேட்டா கிடையாது.) கொண்டை பனியில் கருகாமல் இருக்க வாசலைன் தடவுகிறார்கள். இங்கிலாந்தில் சில பேர் இறகு கொட்டிய கோழிக்கு ஸ்வெட்டர் பின்னிப் போட்டிருக்கிறார்கள். அப்பத்தாவிடம் சொன்னேன். "அவுக வீட்டுப் பிள்ளைகளுக்கு யாருய்யா பின்னுறது?" என்று கேட்டாள்.

நம் பக்கம் அந்தக் கவலை இல்லை. மார்கழிப் பனியிலும் கொண்டை கருகுகிற அளவுக்குக் குளிர் கிடையாது. வருடத்தின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் சுமார் ஒரு மணி நேரம். கோழி அதைக் கவனிப்பதாகத் தெரியவில்லை. நம் ஊர்க் கோழிக்குக் குளிர்காலம் என்றால் ஈரம். ஈரத்தோடு சேர்ந்து வருகிற சீக்கு.

ஆரம்பம் என்னவோ திருவிழாதான். முதல் மழை பெய்த மறுநாள் புற்றுப் புற்றாக ஈசல் கிளம்பும். இறக்கை வைத்த பிரியாணி! கோழிகள் கழுத்துக்குக் கீழே இரைப்பை புடைக்கப் புடைக்கத் தின்றுவிட்டு, கல்யாணப் பந்தியிலிருந்து எழுந்த சம்பந்தி மாதிரி நடக்கும். அந்த இரண்டு நாள் அப்பத்தா சோளம் போடுவதில்லை. செலவு மிச்சம்.

மூன்றாம் நாளிலிருந்து அவளுக்கு வேலை. முருங்கை மரத்தில் ராத்தங்குகிற ரவுடிகளை, மழைக்கு முன்னால் கம்பை வைத்து இறக்கிப் பஞ்சாரத்துக்குள் அடைக்க வேண்டும். பஞ்சாரத்துக்கு அடியில் ஈர மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, காய்ந்த மணலும் அடுப்புச் சாம்பலும் போட வேண்டும். கீரி தோண்டாமல் இருக்கப் பஞ்சாரத்தின் மேல் அம்மிக்குழவி. இத்தனையும் 74 வயதில், முட்டி வலியோடு.

நான் பி.காம். என்பதால் அப்பத்தாவின் கோழிகளுக்குக் கணக்கு எழுதிப் பார்க்கலாம் என்று ஒரு முறை உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே இடித்தது. கோழி ஃபிக்ஸட் அசெட்டா, கரண்ட் அசெட்டா? முட்டையிடுகிறவரை அது மெஷின், ஃபிக்ஸட் அசெட். மதுரையிலிருந்து மாமா பஸ்ஸில் வந்து இறங்கிய நிமிடம் அது கரண்ட் அசெட். ஒரு மணி நேரத்தில் குழம்பு. இந்த மாற்றத்துக்கு ஜர்னல் என்ட்ரி எப்படிப் போடுவது என்று எனக்கு எந்தப் புரொபஸரும் சொல்லித் தரவில்லை.

வரவுப் பக்கம் சுலபம். நாட்டுக்கோழி பன்னிரண்டு, பதினைந்து முட்டை இட்டுவிட்டு அடைக்கு உட்கார்ந்துவிடும். வருடம் முழுக்கக் கூட்டினாலும் ஒரு கோழிக்கு எழுபது, எண்பது தேறினால் அதிகம். முட்டை 15 ரூபாய்க்கு டீக்கடையில் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தக் காசு நேரே சுருக்குப் பைக்குள் போகும். வெற்றிலை, முட்டிவலித் தைலம், கண்ணுக்கு ஊற்றுகிற சொட்டு மருந்து, பேத்தி ஊருக்குக் கிளம்பும்போது கையில் திணிக்கிற நூறு ரூபாய், எல்லாம் அந்தப் பையிலிருந்துதான். அப்பாவிடம் அவள் காசு கேட்டு நான் பார்த்ததே இல்லை.

போன கார்த்திகையில் பார்த்தேன்.

அப்போது இருபத்து மூன்று உருப்படிகள் இருந்தன. (இதையும் எழுதிவிட்டேன்!) ஒரு காலையில் சேவல் கூவவில்லை. பஞ்சாரத்தைத் தூக்கினால் இறக்கையைத் தொங்கப் போட்டுத் தூங்கிக்கொண்டிருக்கிறது. பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல். வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்குகிறது. மறுநாள் இரண்டு கோழிகளுக்குக் கழுத்து திருகிக்கொண்டது. சின்ன வெங்காயம், சீரகம், மிளகு, மஞ்சள், கீழாநெல்லி என்று அம்மியில் அரைத்து உருண்டை உருண்டையாக ஊட்டினாள். ஐந்தாம் நாள் மிச்சம் நான்கு.

தெருவில் ஒரு வீட்டில் சீக்கு என்று தெரிந்ததும் நடக்கிற கூத்து இருக்கிறதே! புதன்கிழமை, எந்த விசேஷமும் கிடையாது, எட்டு வீட்டிலும் கோழிக் குழம்பு வாசனை. மிச்சத்தை வியாபாரி பைக்கில் கூடை கட்டி வந்து பாதி விலைக்கு அள்ளிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகிறார். கூடையில் கோழி மட்டுமா போகிறது? சீக்கும் டிக்கெட் இல்லாமல் போகிறது. செத்ததைப் புதைக்காமல் கண்மாய்க் கரையில் வீசுகிறவர்கள் வேறு. நாய் இழுத்துக்கொண்டு ஊரைச் சுற்றி வருகிறது.

அதற்கு அடுத்த வாரம்தான் அப்பத்தா அப்பாவிடம் கண் சொட்டு மருந்துக்கு 200 ரூபாய் கேட்டாள். அப்பா உடனே எடுத்துக் கொடுத்தார். அதில் ஒன்றும் குறையில்லை. ஆனால் கேட்பதற்கு முன்னால் அவள் வாசலுக்கும் அடுப்படிக்கும் மூன்று தடவை நடந்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த வருடம் ஊசி போட்டே தீருவது என்று இறங்கினேன்.

இந்தச் சீக்குக்குப் புஸ்தகப் பெயர் ராணிகேத். குமாவுன் மலையில் ஜில்லென்று இருக்கிற ஒரு ராணுவ ஊர் அது. 1926-ல் ஜாவாவிலும் இங்கிலாந்தில் நியூகாசில் பக்கமும் கோழிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. அடுத்த ஓரிரு வருடத்தில் நம் நாட்டில் பதிவானது ராணிகேத்தில். வெள்ளைக்காரன் நியூகாசில் என்கிறான், நம் டாக்டர்கள் ராணிகேத் என்கிறார்கள், அப்பத்தா வெள்ளைக்கழிச்சல் என்கிறாள். மூன்றில் அவள் சொல்கிற பெயர்தான் கோழியைப் பார்த்து வைத்த பெயர். வந்தபின் இதற்கு வைத்தியம் கிடையாது, வருமுன் தடுப்பூசிதான். அந்த மருந்தைத் தயாரிப்பது 1932-ல் ஆரம்பித்த ராணிப்பேட்டை கால்நடை நோய்த்தடுப்பு மருத்துவ நிலையம். ராணிகேத்துக்கு ராணிப்பேட்டை! பொருத்தம் பார்த்த ஜோசியர் யாரோ தெரியவில்லை. மருந்தின் பெயர் ஆர்.டி.வி.கே. கடைசியில் நிற்கிற அந்த 'கே', 1940-களில் இந்த வைரஸை அடக்கி வழிக்குக் கொண்டுவந்த கொமரோவ் என்கிற விஞ்ஞானியின் இனிஷியல்.

வழிக்குக் கொண்டுவந்ததே தவிர, கொல்லவில்லை. பல்லைப் பிடுங்கிய பாம்பு மாதிரி உயிருள்ள கிருமி அது. ஐஸில் இருக்கிறவரை இருக்கும். வெயிலில் காட்டினால் போய்விடும். அப்புறம் போட்டால் கோழிக்கு ஊசி குத்திய வலி மட்டும் லாபம்.

கால்நடை மருந்தகத்தில் கேட்டேன். இலவசம்தான். ஆனால் ஒரு சிக்கல்.

"எத்தனை கோழி சார்?"

"பதினொண்ணு."

"பாட்டில் நூறு கோழிக்கு. ஒடைச்சுக் கலக்கிட்டா ரெண்டு மணி நேரத்துக்குள்ள போட்டு முடிக்கணும். உங்க பதினொண்ணுக்கு ஒடைச்சா மீதி எண்பத்தொம்பதையும் கீழதான் ஊத்தணும். தெருவைச் சேர்த்துக்கிட்டு வாங்களேன். அம்பது தேறினாக்கூட நானே காலைல வர்றேன்."

நியாயமான பேச்சு. பிப்ரவரி மாதத்து முகாம்வரை காத்திருக்கலாம்தான். கார்த்திகை காத்திருக்காதே!

ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். நோட்டும் பேனாவுமாக ஒருத்தன் வந்து "உங்க வீட்ல எத்தனை கோழி?" என்று கேட்டால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஒரு சித்தி, "எதுக்குய்யா, ரேஷன் கார்டை மாத்தப் போறாகளா?" என்றாள். ரிடையர்டு வாத்தியார் ஒருவர், "நாட்டுக்கோழிக்கு எதிர்ப்புச் சக்தி இயற்கையிலேயே உண்டு" என்று அரை மணி நேரம் வகுப்பெடுத்தார். போன வருடம் அவர் வீட்டில் செத்தது ஒன்பது. கிழக்கு வீட்டு மதினி, "ஊசி போட்டா முட்டை விடாதாம்ல?" என்றாள். ஊசி போட்ட நாலைந்து நாளைக்கு முட்டை கொஞ்சம் குறையலாம், சோர்ந்து நிற்கலாம், அப்புறம் சரியாகிவிடும் என்றேன். "எங்கிட்ட என்னத்த இருக்கு, ஒரு நாலு நிக்கும்" என்றாள். பின்னால் முருங்கை மரத்திலிருந்து குறைந்தது எட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

தெருவைச் சுற்றி முடித்தபோது நோட்டில் நாற்பத்து மூன்று. அவமானத்தை மறைத்து மருந்தகத்துக்குப் போன் போட்டு ஐம்பது என்று சொன்னேன். (கணக்கில் இப்படி ரவுண்ட் பண்ணலாம்.)

ஐப்பசி முதல் வாரம். விடியாத ஐந்தரை மணி. கோழியைப் பிடிப்பது என்றால் இருட்டில்தான். திறந்துவிட்ட பிறகு பி.டி. உஷாவால்கூட முடியாது. தெர்மாஸ் ஃபிளாஸ்க்கில் ஐஸும் பாட்டிலுமாக பைக்கில் வந்து இறங்கினார் அந்த நல்ல மனிதர். பாட்டிலை உடைத்துக் கலக்கினார். அப்பத்தாவின் பதினொன்று ஐந்து நிமிடத்தில் முடிந்தது. இறக்கையை விரித்துப் பிடிக்க வேண்டும், அடியில் தோலுக்குள் அரை மில்லி. என் கையில் மூன்று கொத்து.

அப்புறம்தான் வேடிக்கை. 'நாலு நிக்கும்' மதினி இரண்டு பஞ்சாரத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பதினேழு! ரேஷன் கார்டு சித்தி சாக்கில் ஏழு. வாத்தியார் மட்டும் வரவில்லை. அவர் சம்சாரம் பின்வாசல் வழியாகப் பேரனிடம் ஐந்தைக் கொடுத்தனுப்பியிருந்தார். ஆறரை மணிக்குக் கூட்டினால் தொண்ணூற்றாறு. கறுப்புப் பணம் தெரியும். கறுப்புக் கோழியை அன்றுதான் பார்த்தேன். நூற்றுக்கு நான்கு டோஸ்தான் மிச்சம். வந்தவர் அசந்துபோய் இரண்டாவது டீயும் குடித்தார்.

ஊசி பிடிக்க இரண்டு வாரம் ஆகும். அதுவரை நிம்மதி இல்லை. ஆனால் மூன்றாம் நாளே மதினியின் கோழி ஒன்று விழுந்தது. நல்ல சாம்பல் நிறக் கோழி, பதினேழில் அதிகம் முட்டையிடுகிறது. ஊசிக்கு முன்பே உடம்பில் எந்தச் சீக்கு இருந்தாலும் ஊசி அதைக் காப்பாற்றாது, சமயத்தில் தள்ளிவிடும். இதை மருந்தகத்தில் முதலிலேயே சொல்லியிருந்தார்கள். நான்தான் தெருவில் சொல்லவில்லை. சொன்னால் நாற்பத்து மூன்றும் நாலாகிவிடும் என்ற பயம். அது என் தப்பு.

450 ரூபாயை எடுத்துக்கொண்டு போனேன். மதினி வாங்கவில்லை.

"ரூவா முட்டை விடுமாய்யா?" என்றாள். கதவைச் சாத்தவில்லை, ஆனால் அதற்கப்புறம் என்னிடம் பேசவும் இல்லை.

ஊசி போட்டு இன்றோடு பதினெட்டு நாள். மழை நான்கு நாளாக விட்டு விட்டுப் பெய்கிறது. பக்கத்து ஊரில் சீக்கு என்று பால்காரர் சொல்கிறார். எங்கள் தெருவில் இதுவரை சேவல்கள் கூவிக்கொண்டுதான் இருக்கின்றன. தினமும் காலையில் போன் போட்டு அதைத்தான் முதலில் கேட்கிறேன். ஆபீஸில் என்னைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

நேற்று அப்பத்தா ஒரு செவலைக் கோழியை அடை வைத்திருக்கிறாள். கூடையில் மணல் பரப்பி, பதின்மூன்று முட்டை. இடி இடித்தால் முட்டை கூழாகிவிடுமாம். அதற்காக ஓரமாக ஒரு இரும்பு ஆணி, ஒரு அடுப்புக்கரி, ஒரு மிளகாய் வற்றல். எங்கள் பக்கம் கரிக்கும் வற்றலுக்கும் பஞ்சமில்லை. பொரித்தால் இரண்டு பெட்டைக் குஞ்சு மதினிக்கு என்று அவளாகவே முடிவு பண்ணிவிட்டாள். என்னிடம் கேட்கவில்லை.

இருபத்தோரு நாளில் குஞ்சு வரும். குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணிலும் மூக்கிலும் லசோட்டா சொட்டு விட வேண்டும். விசாரித்தேன். அந்தப் பாட்டிலும் நூறுக்குத்தானாம்.

நோட்டில் புதுப் பக்கம் போட்டாகிவிட்டது. முதல் வரியில் கிழக்கு வீடு என்று எழுதி, எண்ணிக்கைக்கு நேரே இடம் விட்டு வைத்திருக்கிறேன்.