முதல் டோஸுக்கு முன் யுராசில் அளவு

எலியின் கல்லீரல் புற்றுத்திசு, சாதாரணத் திசுவைவிட அதிகமாக யுராசிலை உறிஞ்சுகிறது. இந்தக் கவனிப்பை வைத்துத்தான் சார்லஸ் ஹைடல்பெர்கரின் குழு 1957-ல் 5-ஃப்ளூரோயுராசிலை வெளியிட்டது. யுராசிலில் ஒரு ஹைட்ரஜன் இருந்த இடத்தில் ஃப்ளூரின், அவ்வளவுதான் மாற்றம். குடல், இரைப்பைப் புற்றுநோய்களுக்கு இன்றும் நாம் அன்றாடம் எழுதும் மருந்து அது.

செல்லுக்குள் அது எஃப்டியூஎம்பி-யாக மாறி, தைமிடிலேட் சிந்தேஸ் நொதியையும் ஃபோலேட்டையும் சேர்த்துப் பூட்டிவிடுகிறது. தைமிடிலேட் கிடைக்காமல் டிஎன்ஏ படியெடுப்பு தடைபடுகிறது. லியூகோவோரின் சேர்ப்பதே இந்தப் பூட்டு நெகிழாமல் இருக்கத்தான். ஆனால் புற்றுச்செல் சும்மா இருப்பதில்லை. வேலையற்றிருக்கும் சிந்தேஸ் தன் சொந்த எம்ஆர்என்ஏ-வைப் பற்றிக்கொண்டு தன் உற்பத்தியைத் தானே அடக்கிவைக்கும். மருந்து அந்த நொதியைப் பிடித்ததும் எம்ஆர்என்ஏ விடுபடுகிறது, புது நொதி பெருகுகிறது. எதிர்ப்புத்திறன் உருவாகும் வழிகளில் இது ஒன்று. வேதிச்சிகிச்சையின் உயிர்வேதியியலில் இதைவிட வியப்பான பக்கம் எனக்குத் தெரியாது.

கட்டியில் நடப்பது இது. நோயாளி உயிர் பிழைப்பதைத் தீர்மானிப்பதோ கல்லீரலில் உள்ள டிபிடி நொதி. உடலில் ஏறும் மருந்தில் 80 சதவீதத்துக்கு மேல் சிதைப்பது அதுதான். அது குறைந்தவருக்கு வழக்கமான டோஸே விஷம்: முதல் சுழற்சியிலேயே வாய் முழுக்கப் புண், நிற்காத வயிற்றுப்போக்கு, சரியும் வெள்ளணுக்கள். உடலில் 5-ஃப்ளூரோயுராசிலாக மாறும் கேப்சைட்டபின் மாத்திரைக்கும் இதே கதிதான்.

சிகிச்சைக்கு முன் டிபிடி பரிசோதனை செய்யுமாறு ஐரோப்பிய மருந்து முகமை 2020-ல் பரிந்துரைத்தது. அங்கே வழக்கமாகத் தேடும் நான்கு மரபணு மாற்றங்கள் பெரும்பாலும் ஐரோப்பியரிடம் கண்டறியப்பட்டவை. நம் நோயாளிக்கு அவை இல்லை என்று அறிக்கை வந்தால் நிம்மதியடைய முடியாது. யுராசிலைச் சிதைப்பதும் டிபிடி-தான், அது குறைந்தால் ரத்தத்தில் யுராசில் ஏறும்; அதனால் ரத்த யுராசில் அளவையும் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மில்லிலிட்டருக்கு 16 நானோகிராமைத் தொட்டால் பகுதிக் குறைபாடு என்று சந்தேகித்து டோஸைக் குறைத்துத் தொடங்கலாம். 150-ஐத் தொட்டால் இந்த மருந்தே வேண்டாம்.

எடுத்த ரத்தத்தை மேசையில் கிடக்கவிட்டால் யுராசில் தானாக ஏறிவிடும். பனிக்கட்டியில் வைத்து, உடனே பிளாஸ்மாவைப் பிரிக்கும்படி ஆய்வக ஊழியருக்குச் சொல்லிவையுங்கள். முறிமருந்தான யூரிடின் ட்ரைஅசிடேட் கடைசி டோஸ் முடிந்து 96 மணி நேரத்துக்குள் தரப்பட வேண்டியது, விலையும் மிக அதிகம். அதை நம்பிக் கீமோ தொடங்க முடியாது.