ராயபுரம் ரேஷனிலும் கேழ்வரகு வேண்டும்

வடசென்னையில் எண்ணூர் விரைவுச் சாலையோரம் வெயில் ஏறுவதற்குள் கூழ் வண்டிகள் வந்துவிடுகின்றன. புளிக்கவைத்த கேழ்வரகு மாவை நொய்யோடு கிண்டி, மறுநாள் காலையில் மோர் விட்டுக் கரைத்த கூழ். தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயம், மோர் மிளகாய், மாங்காய், ஒரு துண்டு கருவாடு. கண்டெய்னர் லாரி ஓட்டுநர்கள் நின்றபடியே ஒரு சொம்பு குடித்துவிட்டுக் கிளம்புகிறார்கள். தானியமும் காய்கறியும் நிறைய, மீனும் இறைச்சியும் கொஞ்சம் என்று 2019இல் ஈட்-லான்செட் என்ற அறிவியலாளர் ஆணையம் உடலுக்கும் பூமிக்கும் நல்லதென உலகுக்குப் பரிந்துரைத்ததற்கு இந்தச் சாப்பாடு ரொம்பத் தூரமில்லை.

ஆனால் ராயபுரத்து ரேஷன் கடையில் கிடைப்பது அரிசி. தேங்கிய நீரில் விளையும் நெல், மனிதச் செயல்களால் வெளியாகிப் பூமியைச் சூடாக்கும் மீத்தேனில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குக்குக் காரணம். கேழ்வரகோ மானாவாரியிலேயே விளையும். நூறு கிராமில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து. அரிசியில் அது பத்தைத் தாண்டுவதே அரிது.

இதைச் சொல்லும்போது ஒன்றை மறக்கக்கூடாது. அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் படிவதையும், 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் எண்ணூர்க் கழிமுகமெங்கும் பரவியதையும் பார்த்த மக்களிடம் போய், பூமியைக் காக்கச் சோற்றைக் குறையுங்கள் என்று உபதேசிக்க யாருக்கும் யோக்கியதை இல்லை. அரிசிச் சோறு இங்கே மரியாதையும்கூட. 1967இல் ரூபாய்க்கு ஒரு படி அரிசி சென்னையில் தரப்பட்டபோது, கூழையே நம்பியிருந்த வீடுகளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று மூத்தவர்களைக் கேட்டால் தெரியும். அந்த அரிசியைப் பிடுங்கிக்கொண்டு கேழ்வரகைக் கையில் திணித்தால் எதிர்ப்பு வரும், வரவும் வேண்டும்.

நாம் கேட்பது விருப்பத் தேர்வு. தருமபுரியிலும் நீலகிரியிலும் 2023 முதல் அட்டைக்கு இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு தருகிறார்கள். ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் கடைகளில் வேண்டுவோருக்கு மட்டும் அதைக் கொடுக்கலாம். ஒரு ரூபாய் இட்லி போடும் அம்மா உணவகங்கள் கோடையில் கூழும் ஊற்றலாம். வண்டிக்காரர்களின் பிழைப்பு கெடாதபடி அவர்களிடமே அந்த வேலையைக் கொடுப்பது இன்னும் நல்லது.

சரக்குக்கு எங்கே போவது என்பார்கள் அதிகாரிகள். தருமபுரி, கிருஷ்ணகிரி உழவர்களிடம் அரசே நேரடியாகக் கேழ்வரகு வாங்குகிறது. மாநிலம் முழுவதற்கும் அது போதாது, உண்மைதான். விரும்பிக் கேட்கும் அட்டைதாரர்கள் எத்தனை பேர் என்று இந்த மூன்று பகுதிகளில் முதலில் கணக்கெடுக்கட்டும். கொள்முதல் அளவை அதற்கேற்ப அடுத்த பருவத்தில் உயர்த்தலாம்.