"இரண்டு பக்கமும் சொல், உன் பக்கத்தைச் சொல்லாதே" என்பவருக்கு

ஒவ்வொரு செப்டெம்பரிலும் லண்டனில் எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி மண்டபத்தில், மருத்துவம் படிக்கப் போகும் பிள்ளைகளுக்காக ஒரு கருத்தரங்கு நடக்கும். கதிரைகள் போதாமல் பெற்றோர் சுவரோரம் நிற்பார்கள். ரியூசன் ஆசிரியர் ஒருவர் வெண்பலகையில் எழுதி இரண்டு தரம் அடிக்கோடு இழுப்பார்: "சுகாதாரக் கொள்கை பற்றிக் கேட்டால் இரண்டு பக்கமும் சொல். உன் பக்கத்தைச் சொல்லாதே." பிள்ளைகள் குனிந்து எழுதிக்கொள்வார்கள். ஒன்பது வருடமாக அதே வசனம். அந்தக் கருத்தரங்குக்கு வந்த பிள்ளைகளுக்கு மாரி காலத்தில் ஒத்திகை நேர்முகம் நடத்துபவன் நான். ஒன்பது வருடமாக அந்த வசனம் பிள்ளைகளின் வாயிலிருந்து என் முகத்துக்கு நேரே திரும்பி வருகிறது. இனியும் பேசாமல் இருக்க என்னால் முடியாது.

கேட்பவருடைய அரசியல் என்னவென்று தெரியாது, வீணாக ஏன் அவரைப் பகைப்பான் என்பது ஆசிரியரின் முதல் காரணம். கனடாவின் மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்தில் தொடங்கி, இன்று பிரித்தானியாவின் பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகள் கைக்கொள்ளும் முறையில் பிள்ளை பல சிறு நேர்முகங்களுக்குப் போகிறது. ஒவ்வொன்றிலும் வேறொருவர் இருக்கிறார், சில நிமிடங்கள்தான், புள்ளித்தாள் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். ஒருவருக்குப் பிடிக்கவில்லை என்றால் மற்றவர்கள் இருக்கிறார்கள். இந்தப் பயத்துக்கு இதற்கு மேல் பதில் தேவையில்லை.

பதினேழு வயதுப் பிள்ளைக்குக் கொள்கை பற்றி என்ன தெரியும் என்பது அடுத்தது. பத்து வயதிலிருந்து ஜி.பி அறையில் அம்மம்மாவின் நோவை ஆங்கிலத்துக்கு மாற்றிச் சொன்ன பிள்ளைகள் இவர்கள். காலை எட்டு மணிக்கு அப்பொயின்ட்மென்ட் எடுக்கத் தொலைபேசியோடு காத்திருந்தவர்கள். இவர்களுக்குத் தெரியாதென்றால் வேறு ஆருக்குத் தெரியும்?

மூன்றாவது காரணம்தான் என்னை இதை எழுத வைத்தது. வைத்தியர் நடுநிலையாக இருக்க வேண்டும், கொள்கை அரசியல்வாதியின் வேலை என்கிறார் ஆசிரியர்.

போன மாரியில் ஒரு பெண்பிள்ளை ஒத்திகைக்கு வந்தாள். இங்கிலாந்தில் மருந்துச் சீட்டுக் கட்டணத்தை நீக்க வேண்டுமா என்று கேட்டேன். கேள்வியும் பதிலும் ஆங்கிலத்தில். ஒரு பக்கம் பார்த்தால் அரசுக்கு வருமானம், மறுபக்கம் பார்த்தால் நோயாளிக்குச் சுமை, இரண்டையும் சமப்படுத்த வேண்டும் என்றாள். நாற்பது விநாடி. பிறகு கையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் தமிழுக்கு மாறினேன்.

"பிள்ளை, நீர் ஞாயிற்றுக்கிழமையில எங்கயோ வேலை செய்யிறதெண்டு சொன்னீர்."

"பாமசியில, அங்கிள்."

"அங்க இதைப்பற்றி ஒண்டும் காணேல்லையோ?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னாள். கட்டட வேலை செய்கிற ஒருவர், சப்பாத்தில் சீமெந்து காயாமல் வந்திருக்கிறார். சீட்டில் மூன்று மருந்து: ஆஸ்துமாவுக்கு நீலப் பம்ப், பிறவுண் பம்ப், கிருமிக்கு ஒரு குளிசை. 2024 மே முதல் ஒரு மருந்துக்குக் கட்டணம் 9 பவுண் 90 பென்ஸ். மூன்றுக்கும் 29 பவுண் 70. அவர் பையைத் திறந்து பார்த்துவிட்டு, இதில் எதை விடலாம் என்று கேட்டிருக்கிறார்.

"பாமசிஸ்ட் அக்கா சொல்லிப் பாத்தவ, அங்கிள். அவர் பிறவுணை விட்டிட்டுப் போயிட்டார். அதுதான் இழுப்பு வராமல் தடுக்கிறது."

"நீர் என்ன நினைச்சனீர்?"

"அது பிழை எண்டு."

"அதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சேர் சொல்லக் கூடாதெண்டவர்."

அந்தப் பிள்ளை கண்ணால் கண்ட உண்மை ஒன்று நெஞ்சில் இருந்தது. அதை மூடி வைக்க எங்கள் சமூகம் காசு கொடுத்துக் கற்பித்திருக்கிறது. இதுவா நடுநிலை?

பிரித்தானியாவின் பொதுச் சுகாதார சேவையான என்.எச்.எஸ் 1948 ஜூலை 5 அன்று தொடங்கியபோது மருந்து இலவசம். அதைத் தொடக்கிய அமைச்சர் அனைரின் பெவன், பல்செட்டுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் காசு அறவிடப் போகிறார்கள் என்று 1951இல் பதவியைத் துறந்தார். அடுத்த வருடம் மருந்துச் சீட்டுக்கு ஒரு சிலிங் வந்தது. 1965இல் அதை நீக்கினார்கள், 1968இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். அப்போது எந்தெந்த நோய்க்காரர் கட்டத் தேவையில்லை என்று ஒரு பட்டியலும் போட்டார்கள். அதற்குப் பிறகு அந்தப் பட்டியலில் சேர்ந்த ஒரே நோய் புற்றுநோய், அதுவும் 2009இல். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர் எந்த மருந்துக்கும் காசு கட்டுவதில்லை. ஆஸ்துமாக்காரர் கட்டுகிறார். வேல்ஸ் 2007இலும், வட அயர்லாந்து 2010இலும், ஸ்கொட்லாந்து 2011இலும் கட்டணத்தை முற்றாக நீக்கிவிட்டன. கார்டிஃபில் இலவசமாகக் கிடைக்கும் அதே பிறவுண் பம்ப், செவேர்ன் பாலத்தைக் கடந்து பிரிஸ்டலுக்கு வந்தால் 9 பவுண் 90. நோய் மாறவில்லை, நுரையீரல் மாறவில்லை. ஒரு மேசையைச் சுற்றி இருந்து சிலர் எடுத்த முடிவு மட்டும் மாறுகிறது. சிகிச்சை அறைக்குள் அரசியல் வராது என்று இதற்குப் பிறகும் ஒருவர் சொல்வாரானால், அவர் ஒரு நாளாவது மருந்துக்கடைக் கவுண்டரில் நின்று பார்க்க வேண்டும்.

இந்த நாட்டின் பொது மருத்துவச் சபை வைத்தியர்களுக்குக் கொடுத்திருக்கும் வழிகாட்டலை ஆசிரியர் எடுத்து வாசிக்கட்டும். கருவி போதாமையாலோ, கொள்கையாலோ, நடைமுறையாலோ நோயாளிக்கு ஆபத்தென்றால் வைத்தியர் குரல் கொடுக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. கொள்கை என்ற சொல்லே அங்கே உண்டு. ஆசிரியர் அரசியல் என்று விலக்குவதை அந்தச் சபை கடமை என்கிறது. ஸ்டாஃபர்ட் வைத்தியசாலையில் நோயாளிகள் கவனிப்பாரற்றுக் கிடந்ததை விசாரித்த பிரான்சிஸ் அறிக்கை 2013இல் வந்தது. நிர்வாகம் கணக்கையும் இலக்குகளையும் பார்த்துக்கொண்டிருக்க, அதைக் கண்டவர்களில் பலர் வாய் திறக்காமல் இருந்தார்கள். வாய் திறவாமையைப் பதினேழு வயதிலேயே பழக்குகிறோம் நாங்கள்.

ஜூலியன் ரியூடர் ஹார்ட் என்றொரு கிராமத்து வைத்தியர் இருந்தார். தென் வேல்ஸில், நிலக்கரிச் சுரங்கக்காரர் வாழ்ந்த கிளின்கோரக் என்ற ஊர். ஆருக்கு மருத்துவம் மிகவும் தேவையோ அவருக்கே அது மிகக் குறைவாகக் கிடைக்கிறது என்று 1971இல் 'த லான்செற்' இதழில் எழுதினார். சந்தை புகும் இடத்தில் இந்த அநீதி இன்னும் கூடும் என்றும் சேர்த்து எழுதினார். பக்கம் சார்ந்த மனிதர். கம்யூனிஸ்ட் கட்சி வேட்பாளராகத் தேர்தலிலும் நின்றவர். அதே மனிதர்தான் நோய் இல்லாதவரையும் விடாமல் ஊராரின் இரத்த அழுத்தத்தை அளந்து எழுதி வைத்தார். பக்கம் எடுத்ததால் அவர் கை நடுங்கவில்லை. உள்ளூர் வைத்தியர்கள் போக விரும்பாத தென் வேல்ஸ் பள்ளத்தாக்குகளில் பல வருடங்கள் சிகிச்சை நிலையங்களைத் தாங்கியவர்களில் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போன வைத்தியர்கள் உண்டு. எங்கள் பிள்ளைகளுக்கு இந்தக் கதையை அந்தக் கருத்தரங்கில் ஒருவரும் சொன்னதில்லை.

புள்ளிவிவரத்தைப் பாடமாக்கினால் போதும் என்கிறார்கள். சிகிச்சைக்குக் காத்திருப்போரில் 92 வீதமானோருக்கு 18 வாரத்துக்குள் அது தொடங்க வேண்டும், 2016க்குப் பிறகு அந்த இலக்கு எட்டப்படவில்லை என்று பிள்ளைகள் ஒப்புவிக்கிறார்கள். அந்த வரிசையில் ஆர் நிற்கிறார் என்று கேட்டால் ஒருவருக்கும் பதில் இல்லை.

ஒத்திகைக்கு வந்த அந்தப் பெண்பிள்ளையிடம், மருந்துக் கட்டணம் பற்றிய அதே கேள்வியைத் திரும்பக் கேட்டேன். கட்டணம் பிழை என்று தொடங்கினாள். காசு எங்கிருந்து வரும் என்று மறித்தேன். இங்கிலாந்தில் கொடுக்கும் மருந்துகளில் பத்தில் ஒன்பதுக்குக் கிட்ட ஏற்கனவே இலவசம், மிச்சத்தின் பாரம் வேலைக்குப் போகிற, பட்டியலில் இல்லாத நோய்க்காரரின் தலையில் விழுகிறது என்றாள். வருடத்துக்கு 114 பவுண் 50 கட்டினால் எவ்வளவு மருந்தும் எடுக்கலாமே என்றேன். அப்படி ஒன்று இருப்பது அந்த மனிதருக்குத் தெரியாது என்றாள். முதலில் பட்டியலைத் திருத்த வேண்டும், ஆஸ்துமாவைச் சேர்க்க வேண்டும் என்றாள். இரண்டு பக்கமும் அந்தப் பதிலில் இருந்தன. ஆனால் இந்தமுறை அவளும் இருந்தாள்.

ஆஸ்துமாவைச் சேர்த்தால் நாளைக்கு வேறொரு நோய்க்காரர் வந்து நிற்பாரே என்று கடைசியாகக் கேட்டேன். கொஞ்சம் யோசித்தாள். ஆங்கிலத்தை விட்டுவிட்டுத் தமிழில் சொன்னாள்:

"வரட்டும் அங்கிள். அவரும் எங்கட கவுண்டரிலதானே எதை விடலாமெண்டு கேட்டுக்கொண்டு நிக்கிறார்."